செங்கழுத்துக்காரர்களின் ஹாஸ்யம்

அமெரிக்காவின் வடபகுதியில், மோட்டார் உற்பத்திக்குப் பேர்போன டெட்ராய்ட் நகரத்தை அடுத்து லிவோனியா என்று ஓர் ஊர் இருக்கிறது. அவ்வூரில் 'பௌலிங்' என்னும் பந்துருட்டு விளையாட்டுக் கூடம் ஒன்றோடு ஒட்டினாற்போல ஒரு ஹாஸ்ய அரங்கும் இருந்தது. தெற்கே ஜார்ஜியா மாநிலத்திலிருந்து அங்கே நிகழ்ச்சி நடத்த வந்திருந்த ஜெஃப் ஃபாக்ஸ்வொர்த்தி என்ற இளைஞரை, அவருடைய இழுத்துப் பேசும் தெற்கத்திப் பேச்சையும் காலில் போட்டிருந்த பூட்ஸையும் சாக்காக வைத்து, 'நீ சுத்த ரெட்நெக்' என்று உடனிருந்த கலைஞர்கள் சீண்டிக்கொண்டிருந்தார்கள். ஃபாக்ஸ்வொர்த்தி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே, அந்தப் பந்துருட்டுக் கூடத்தின் வாசலில், வந்திறங்குவோருடைய காரை வாங்கிக்கொண்டுபோய் நிறுத்திவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கென்று சிப்பந்திகள் நின்றுகொண்டிருந்தார்கள். மாளிகை போன்ற ஹோட்டல்களுக்கே உரிய அந்த உபசாரத்தைத் தொழிலாளர்கள் மாலைப்பொழுதைக் கழிக்க வரும் ஒரு விளையாட்டுக் கூடத்தில் ஏற்பாடு செய்துவைத்திருக்கும் ஊர்க்காரர்கள், ரெட்நெக் தெற்கே மட்டும்தான் இருக்கிறான் என்று எப்படிச் சொல்லலாம் என்பது அவருடைய கேள்வி. அன்றிரவு தங்குமிடத்துக்குத் திரும்பியதும், இன்னின்னது செய்பவனாக இருந்தால் நீயும் ரெட்நெக்காக இருக்கலாம் என்று பத்து அடையாளங்களை எழுதி, மேடையில் வாசித்துப் பார்த்தார். சபையோர் சிரித்ததோடு நிற்கவில்லை. ஒவ்வோர் அடையாளத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை விரல் நீட்டிச் சுட்டிக்காட்டத் தொடங்கினார்கள்.

அமெரிக்கத் தெற்கத்தியரும் உடலுழைப்பால் பிழைப்பவர்களும் டெலிவிஷனில் தங்களைத் தாங்களே சிரிப்புக்கு உரியவர்களாக்கிக்கொண்ட நெடுங்கதையில், அந்த விரல் நீட்டிய கணத்தை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பிறர் நம்மீது வீசிய சொல்லைக் கையால் பிடித்து, அதை நாமே சட்டைப் பையில் குத்திக்கொள்வது ஒரு வித்தை. அதைச் செய்பவன் முதலில் தன் வீட்டு முற்றத்தையும் தன் தகப்பனையும் தன் பழைய லாரியையும் சபையின் நடுவே கொண்டுவந்து வைக்க வேண்டும். அப்படி வைத்த பிறகே அடுத்தவன் வீட்டைப் பற்றிப் பேச அவனுக்கு அதிகாரம் பிறக்கிறது. இந்த மரபில் நெடுங்காலம் நின்றவர்கள் எல்லோரும் அந்த நியதியைக் காத்தவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

ரெட்நெக் என்றால் சிவந்த கழுத்து. நாள் முழுவதும் குனிந்த தலையோடு பருத்தி வயலில் நிற்கும் ஏழை வெள்ளைக் குடியானவனுடைய பின்கழுத்து வெயிலில் கன்றிச் சிவந்துபோவதைக் குறித்து, 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மிஸிஸிப்பி முதலிய மாநிலங்களில் பரவிய வசைச்சொல் அது. சொல்லியவர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள். ஆனால் அந்த வசையைப் பெருமையாக அணிந்துகொள்வது ஃபாக்ஸ்வொர்த்தியோடு பிறந்ததன்று. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜேம்ஸ் வார்டமன் என்னும் மிஸிஸிப்பி அரசியல்வாதியின் கட்சிக்காரர்கள் சிவப்புக் கைக்குட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தங்களை ரெட்நெக் என்றே அழைத்துக்கொண்டார்கள். அந்த வார்டமன் கறுப்பு மக்களின் உரிமைகளைப் பறிப்பதையே அரசியலாகக் கொண்டவர் என்பதை இங்கே மறைக்கக் கூடாது. 1921-ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியாவில் பிளேர் மலையடிவாரத்தில் சுமார் 10,000 நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக ஆயுதம் தாங்கி எழுந்தபோது, அவர்களும் சிவப்புக் கைக்குட்டையைத்தான் கழுத்தில் கட்டியிருந்தார்கள். அவர்களையும் உலகம் அதே பெயரால் அழைத்தது. ஒரே துணி, ஒரே பெயர். ஒன்று அயலானை மிதிப்பதற்கு, மற்றொன்று முதலாளியை எதிர்ப்பதற்கு. அந்தச் சொல்லைச் சிரிப்புக்காக எடுத்தாண்டவர்களும் இவ்விரண்டில் எந்தப் பக்கம் காலை வைப்பது என்ற கேள்வியைத் தாண்டியே போக வேண்டியிருந்தது.

டெலிவிஷனுக்கு முன்பு ரேடியோ. டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரில் 1925-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கி, பின்னர் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பெயர்பெற்ற சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியை நடத்திய நிலையம் டபிள்யு.எஸ்.எம். லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம் என்னும் பொருளுடைய மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. ஏனெனில் நிலையத்தின் சொந்தக்காரர் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. அதன் ஏஜெண்டுகள் வீடு வீடாகப் போய்ச் சிறு தொகைப் பாலிஸிகளை விற்பவர்கள். சனிக்கிழமை இரவு பாட்டும் சிரிப்பும் கேட்ட குடும்பம் திங்கட்கிழமை காலையில் ஏஜெண்டைக் கண்டு கதவைச் சாத்தாது. தெற்கத்திய ஹாஸ்யத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, ஏதாவது ஒரு விற்பனைக்காரன் அதன் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருப்பது மீண்டும் மீண்டும் கண்ணில் படுகிறது. விற்க வருபவனுக்கு முதலில் எதிரிலிருப்பவன் முகம் மலர வேண்டும். கதை சொல்லத் தெரியாதவன் அந்த நாட்டுப்புறத்தில் ஒரு மூட்டை உரம்கூட விற்றிருக்க முடியாது.

அந்த ஆப்ரி மேடைக்கு 1940-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு பெண்மணி வந்தார். இயற்பெயர் ஸாரா ஒஃபீலியா காலி. டென்னஸியில் ஸென்டர்வில் என்னும் சிற்றூரில் மரவியாபாரி ஒருவருடைய மகள். நாஷ்விலில் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் படிக்கும் கல்லூரியில் நாடகம் பயின்றவர். ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்களை வைத்து நாடகம் போட்டுக்கொடுக்கும் உத்தியோகத்தில் அலைந்தபோது, 1936-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அலபாமா மலைப்பகுதியில் ஓர் ஏழை வீட்டில் தங்க நேர்ந்தது. அந்த வீட்டு மூதாட்டி பேசிய பேச்சும், வறுமையைப் பொருட்படுத்தாமல் அவள் சொன்ன வேடிக்கைகளும் ஸாராவின் உள்ளத்தில் தங்கி, மின்னி பேர்ல் என்னும் பாத்திரமாக வளர்ந்தன. மேலான கல்லூரியில் படித்த பெண் பட்டிக்காட்டுக்காரியாக வேஷம் போட்டால் பட்டிக்காட்டு நேயர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று அஞ்சி, முதல் நாள் அவரை இரவு 11 மணிக்குப் பிறகுதான் மேடையேற்றினார்கள். அஞ்சியது வீண். நூற்றுக்கணக்கான கடிதங்கள் அவர் பெயருக்கு வந்து குவிந்தன.

காரணம் அவருடைய தொப்பியில் இருக்கிறது. மலிவான வைக்கோல் தொப்பி. அதில் பூச்செருகிய அவசரத்தில் கடைக்காரன் கட்டிய விலைச்சீட்டு ஒருமுறை கழற்றப்படாமல் விடுபட்டுப் போயிற்று. 1 டாலர் 98 சென்ட் என்று எழுதிய அந்தத் துண்டு அட்டை முகத்துக்கு அருகே ஆடிக்கொண்டிருக்க, அவர் மேடைக்கு வந்து உற்சாகம் பொங்க நலம் விசாரிப்பார். புதுத்தொப்பி வாங்கியதில் உண்டான ஆனந்தத்தில் சீட்டைக் கழற்ற மறந்த பெண் அவள். ஆகவே அந்தச் சீட்டில் ஏளனம் இல்லை, சந்தோஷம் இருக்கிறது. புதுப்பொருளின் அருமை தெரிந்த வீடுகளில் பிறந்தவர்களுக்கு அது உடனே விளங்கிவிட்டது. ஐம்பது ஆண்டுக்காலம் அந்தச் சீட்டு அந்தத் தொப்பியை விட்டு இறங்கவேயில்லை.

டெலிவிஷன் பரவத் தொடங்கிய காலத்தில் முன்னுக்கு வந்த மூவரைப் பார்க்கும்போது ஒரு விசேஷம் தென்படுகிறது: ஆண்டி கிரிஃபித், டேவ் கார்ட்னர், ஜெர்ரி கிளவர் ஆகிய மூவரும் 1926-ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள். பொருளாதார மந்தத்தில் பிள்ளைப் பருவத்தையும் உலக யுத்தத்தில் இளமையின் வாசலையும் கண்ட தலைமுறை அது. வட கரோலினாவில் மௌண்ட் ஏரி என்னும் மரச்சாமான் தொழிற்சாலை ஊரில் பிறந்த கிரிஃபித், பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்துவிட்டு, சங்கங்களின் விருந்துகளில் தனியாக நின்று கதை சொல்லிச் சம்பாதித்துவந்தார். 1953-ஆம் ஆண்டு அவர் சொன்ன ஃபுட்பால் கதை, இன்ஷூரன்ஸ்காரர்களின் கூட்டம் ஒன்றில் பதிவாகி இசைத்தட்டாக வெளிவந்தது. ஊரூராகப் போய்க் கூடாரப் பிரசங்கம் செய்ய வந்த ஒரு பட்டிக்காட்டு உபதேசி, கூட்டத்தோடு தள்ளுண்டுபோய் வாழ்நாளில் கண்டறியாத ஃபுட்பால் மைதானத்தில் சிக்கிக்கொள்கிறான். நடுவர்களைக் கைதிகள் என்றும், பந்தைப் பூசணிக்காய் என்றும் நினைத்துக்கொண்டு, தான் கண்டதைத் திகைப்போடு சொல்லிக்கொண்டு போகிறான். கேட்பவர்களுக்கு அவன் அறியாமை சிரிப்பைத் தருகிறது. இரண்டு நிமிஷத்தில், ஒரு பூசணிக்காய்க்காகப் பெரிய மனிதர்கள் முட்டி மோதிக்கொள்ளும் அந்த விளையாட்டே சிரிப்புக்கு உரியதாகிவிடுகிறது. பாமரன் கண்ணாடியாகிவிட்டான்.

இசைத்தட்டு பிரமாதமாக விற்றது. அடுத்த ஆண்டே நியூயார்க்கில் எட் ஸல்லிவனுடைய டெலிவிஷன் மேடைக்கு அவரை அழைத்தார்கள். அங்கே அவர் சோபிக்கவில்லை. தெற்கத்திய கதை அடுப்பில் சிறுதீயில் வைத்த பண்டம் போன்றது. பத்து வித்தைகளுக்கு நடுவே ஒரு வித்தையாக அதை அவசரப்படுத்தினால் வேகாது. பாத்திரமாக நின்று வாழ்ந்து காட்ட இடம் கிடைத்ததும் அவர் நிமிர்ந்துவிட்டார். ராணுவத்தில் சேர்ந்த நாட்டுப்புறத்து இளைஞனாக 1955-இல் டெலிவிஷன் நாடகத்திலும் பிராட்வே மேடையிலும் நடித்தார். 1957-இல் எலியா கஸான் இயக்கிய 'எ ஃபேஸ் இன் த க்ரௌட்' என்ற திரைப்படத்தில், ஆர்க்கன்ஸாஸ் சிறையில் கிடந்த ஒரு நாடோடிக் கதைசொல்லி ரேடியோவாலும் டெலிவிஷனாலும் வளர்ந்து, மாத்திரை விற்பதில் தொடங்கி அரசியல்வாதியை விற்பதுவரை போய்ப் பாழாகிற பாத்திரம் அவருக்கு வாய்த்தது. கதை சொல்லி விற்கும் கலையின் இருட்டை அதைவிட நன்றாகக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து இல்லை.

1960 முதல் 1968 வரை ஸி.பி.எஸ். டெலிவிஷனில் ஓடிய 'ஆண்டி கிரிஃபித் ஷோ'வில் அவர் மேபெரி என்னும் கற்பனைச் சிற்றூரின் ஷெரிஃப். ஆரம்பத்தில் அவரே பட்டிக்காட்டு விகடனாகப் பேசினார். துணை அதிகாரியாக நடித்த மேற்கு வர்ஜீனியாக்காரர் டான் நாட்ஸ் எவ்வளவு பெரிய ஹாஸ்ய நடிகர் என்பது புலப்பட்டதும், சிரிப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தாம் நிதானமுள்ள மனிதராக ஒதுங்கி நின்றார். கடைசி ஆண்டில் அந்நிகழ்ச்சி நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தபோது அவரே அதை நிறுத்திக்கொண்டார். தெற்கு முழுவதும் சம உரிமைப் போராட்டம் கொழுந்துவிட்டெரிந்த அந்த எட்டு ஆண்டுகளில் மேபெரியின் தெருக்களில் கறுப்பு மனிதர் பேசிக் கேட்பது மிக அரிது. அந்த ஊரை நான் நேசிக்கிறேன். அந்த மௌனம் உறுத்துகிறது.

டேவ் கார்ட்னரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டென்னஸிக்காரர்; டிரம் வாசித்தவர்; ஜாக் பார் நடத்திய இரவு நிகழ்ச்சியில் 1957-இல் தோன்றி, உபதேசியாரின் நடையில் தத்துவமும் கிறுக்குமாகப் பேசிப் புகழடைந்தார். அபாரமான காது அவருக்கு. ஆனால் 1960-களில் அவர் பேச்சு சம உரிமை இயக்கத்தை எள்ளி நகையாடும் பக்கம் சாய்ந்தது, சபைகள் சுருங்கின. வார்டமனுடைய கைக்குட்டை அவர் கழுத்தில் ஏறிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜெர்ரி கிளவரைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். மிஸிஸிப்பியில் லிபர்ட்டி என்னும் ஊருக்கு வெளியே பிறந்து, கடற்படையில் சேவை செய்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர். அவர் கண்ணால் கண்ட முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டமே தாம் இறங்கி ஆடியதுதான் என்று சொல்வார். கிரிஃபித் கற்பனையில் கண்ட பட்டிக்காட்டான் இங்கே மைதானத்துக்குள்ளேயே புகுந்துவிட்டான். படிப்பு முடிந்து யாஸூ ஸிட்டி என்னும் ஊரில் ஒரு ரசாயன உரக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியானார். குடியானவர்கள் கூடும் இடங்களில் நைட்ரஜனின் குணங்களை விளக்குவது வேலை. வெறும் நைட்ரஜனை எத்தனை நேரம் கேட்பார்கள்? ஆகவே சிறுவயதில் கண்டவற்றைக் கதையாகச் சொல்லத் தொடங்கினார். வருஷங்கள் செல்லச் செல்ல, உரத்துக்காகக் கதை என்றிருந்தது கதைக்காக உரம் என்று ஆயிற்று. டெக்ஸாஸில் லப்பக் என்னும் ஊரில் அவர் பேச்சைக் கேட்ட ரேடியோக்காரர் ஒருவர் அதைப் பதிவுசெய்து தட்டாக்கினார், பிறகு எம்.ஸி.ஏ. என்னும் பெரிய கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. 1971-இல், 44 வயதுக்கு மேல், உர வியாபாரி நாடறிந்த கலைஞரானார்.

அவருடைய வேட்டைக் கதையை ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை. இரவில் நாய்களோடு ராக்கூன் என்னும் பிராணியை வேட்டையாடப் போகிறார்கள். மரத்தில் ஒளிந்திருப்பதை நியாயமான முறையில் கீழே விழத்தட்ட வேண்டும், துப்பாக்கியால் சுடுவது வேட்டை தர்மம் அன்று என்பதில் உறுதியுள்ள ஒரு மனிதன் உயர்ந்த மரத்தில் ஏறுகிறான். உச்சியில் இருப்பது ராக்கூன் அல்ல, பெரிய காட்டுப்பூனை. மேலே கூச்சலும் கிளை முறியும் ஓசையும். கீழே நிற்பவர்களைச் சுடச் சொல்லி மன்றாடுகிறான். அவன்மேல் பட்டுவிடுமே என்று இவர்கள் தயங்க, எங்கள் இருவரில் யாராவது ஒருவருக்கு விமோசனம் கிடைத்தால் போதும், எங்கள் நடுவே சுடுங்கள் என்கிறான். கிளவர் இதைச் சொல்லும்போது சட்டைக் காலர் வியர்வையில் நனைந்துவிடும். நாய் குரைப்பதையும், மரம் அதிர்வதையும், மனிதன் அலறுவதையும் அந்தப் பெரிய உடம்பே நடத்திக் காட்டும். அவர் கதைகளில் வரும் லெட்பெட்டர் குடும்பத்தார் பரம ஏழைகள். ஆனால் அவர்களில் யாரையும் கிளவர் தாழ்ந்தவர்களாக நிற்கவைத்ததில்லை. 1973-இல் ஆப்ரி அவரை அங்கத்தினராக்கிக்கொண்டது. 'நாஷ்வில் ஆன் த ரோட்' என்னும் டெலிவிஷன் நிகழ்ச்சியிலும் பல ஆண்டுகள் தோன்றினார். இன்னொன்றையும் அவர் கணக்கில் எழுத வேண்டும்: நிறப்பாகுபாட்டில் தாம் வளர்ந்த விதமே தவறு என்று அவர் தம் மாநிலத்து மக்களிடையே வாய்திறந்து சொன்னார். உரம் விற்ற ஊரிலே, வாடிக்கைக்காரர்களின் முகத்துக்கு எதிரே, அதைச் சொல்வது எளிய காரியமன்று.

இதற்கிடையே டெலிவிஷன் அதிபர்கள் கிராமத்தைக் கொண்டாடிவிட்டுக் கைவிடவும் செய்தார்கள். மிஸௌரிக்காரரான பால் ஹென்னிங் 1962-இல் படைத்த 'பெவர்லி ஹில்பில்லீஸ்' முதல் இரண்டு ஆண்டுகளும் முதலிடத்தில் நின்றது. 1969 ஜூனில் 'ஹீ ஹா' வந்தது. பக் ஓவன்ஸும் ராய் கிளார்க்கும் நடத்திய இந்த நிகழ்ச்சியைக் கற்பித்தவர்கள் கனடா நாட்டு எழுத்தாளர்கள் இருவர். சோளக்கொல்லையிலிருந்து ஆட்கள் திடீரென எழும்பி ஒரு வேடிக்கையைச் சொல்லிவிட்டு மறையும் காட்சியை வேண்டிய மட்டும் ஒரே மூச்சாகப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, வாரவாரம் வெட்டி ஒட்டினார்கள். அதில் ஜூனியர் ஸாம்பிள்ஸ் என்று ஒருவர். ஜார்ஜியாவில் மரம் அறுத்தும் தச்சு வேலை செய்தும் பிழைத்தவர். தாம் பிடித்ததாக ஒரு மீனைப் பற்றி அளந்துவிட்ட பொய் பதிவாகி, அது இசைத்தட்டாகி, அவரை நாஷ்விலுக்கு இழுத்துவந்தது. பெருத்த உடம்பில் மேற்சட்டையும் காற்சட்டையும் ஒன்றான உழைப்பாளி உடையை மாட்டிக்கொண்டு, பழைய கார் விற்பவராக டெலிபோன் எண் எழுதிய அட்டையைக் கையில் பிடித்தபடி, எதிரே எழுதிக் காட்டிய வாக்கியத்தைப் படிக்க முடியாமல் தடுமாறுவார். மறுபடி எடுப்பதற்குப் பதிலாகத் தடுமாற்றத்தையே ஒளிபரப்பினார்கள். அவர் தவறியதும் தாமே குலுங்கிச் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் அது பார்க்கத் தகாத காட்சியாகியிருக்கும்.

1971-இல் ஸி.பி.எஸ். அதிபர்கள் 'ஹீ ஹா', 'பெவர்லி ஹில்பில்லீஸ்', 'கிரீன் ஏக்கர்ஸ்', 'மேபெரி ஆர்.எஃப்.டி.' ஆகிய கிராமத்து நிகழ்ச்சிகளை ஒருசேர வெட்டி எறிந்தார்கள். மரம் தென்பட்ட நிகழ்ச்சி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை என்று நடிகர் பாட் பட்ரம் குறைப்பட்டுக்கொண்டார். நேயர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதல்ல காரணம். இருந்த நேயர்கள் வயதானவர்கள், கிராமத்தார், கையில் பணம் குறைந்தவர்கள். விளம்பரக்காரர்களுக்கு வேண்டியிருந்தது நகரத்து இளைஞர்கள். சிரிக்கிறவன் எத்தனை பேர் என்ற கணக்கு போய், சிரிக்கிறவன் என்ன வாங்குவான் என்ற கணக்கு வந்தது. ஆனால் அதே ஆண்டில் அரசாங்க விதி ஒன்று மாலை நேரத்தில் ஒரு பகுதியை ஊர் நிலையங்களுக்கென்று ஒதுக்கியது; அந்த நிலையங்கள் 'ஹீ ஹா'வைத் தனித்தனியே வாங்கிக்கொண்டன. பெருநகரத்தார் துரத்திய நிகழ்ச்சி, மின்னி பேர்லின் தொப்பியோடும் சேர்ந்து, இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது.

1980-களில் ஊருக்கு ஊர் ஹாஸ்ய அரங்குகள் முளைத்தன. கேபிள் டெலிவிஷனும் வந்தது. அக்காலத்தில் உழைப்பாளி வீட்டின் குரல் தெற்கிலிருந்து வராமல் மேற்கிலிருந்து வந்தது. டென்வர் நகரத்து அரங்குகளில் வளர்ந்த ரோஸான் பார், தொழிற்சாலை வேலையும் கட்டாத பில்களும் நிறைந்த ஒரு குடும்பத்தை 1988-இல் ஏ.பி.ஸி.யில் கொண்டுவந்து வைத்தபோது, இத்தனை நாளும் டெலிவிஷன் வீடுகளில் பணத்தைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படாதிருந்தது எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. ஜார்ஜியாவில் வளர்ந்த பிரெட் பட்லர் 1993-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்யும் தாயாக வந்தார்.

இப்போது ஃபாக்ஸ்வொர்த்தியிடம் திரும்பலாம். அட்லாண்டாவை ஒட்டிய ஹேப்வில்லில் வளர்ந்த இவர் ஐ.பி.எம். கம்பெனியில் பெரிய கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். 1984-இல் உடன் வேலைபார்த்தவர்கள் தூண்டி ஒரு ஹாஸ்யப் போட்டியில் பெயர் கொடுத்து, முதல் பரிசோடு திரும்பி, வேலையை விட்டார். அவர் கண்டுபிடித்தது ஒரு வாக்கிய அமைப்பு. அதன் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கிளவருடைய கதைக்குப் பத்து நிமிஷம் வேண்டும். டெலிவிஷன் அத்தனை நேரம் தராது. ஃபாக்ஸ்வொர்த்தியோ, முற்றத்தில் புல்லை வெட்டும்போது அதற்குள் மறைந்திருந்த காரைக் கண்டெடுப்பவன் என்பது போல ஒரு கிராமத்துக் கதையின் முழு நிலவரத்தையும் 'இப்படியானால்' என்னும் ஒரு நிபந்தனைக்குள் மடித்துவிட்டார். மடித்த காகிதத்தைக் கேட்பவன் தன் மனத்தில் பிரித்துப் பார்க்கிறான்: அந்தப் புல் ஏன் அத்தனை உயரம் வளர்ந்தது, அந்தக் கார் எந்த மாமனுடையது, அதை விற்க மனமில்லாமல் வைத்திருந்தது எத்தனை வருஷம்! 'நீ ரெட்நெக்' என்று அவர் சொல்வதில்லை; 'ஆக இருக்கலாம்' என்கிறார். அந்த ஒரு மரியாதை வசையை உறவாக்கிவிட்டது. நாகரிக நெளிவு சுளிவுகள் இல்லாமலிருப்பதே ரெட்நெக்கின் லக்ஷணம் என்று அவர் வகுத்தபோது, நிறமும் ஊரும் அந்த இலக்கணத்திலிருந்து கழன்று விழுந்தன. வடக்கத்தி மோட்டார்த் தொழிலாளியும் உள்ளே வரலாயிற்று. 1993-இல் வந்த முதல் ஒலித்தொகுப்பு 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

டெலிவிஷன் அதிபர்கள் அப்போதும் தயங்கினார்கள். 1995-இல் அவர் பெயரால் தொடங்கிய நாடகத்தை ஏ.பி.ஸி. வடக்கே இண்டியானா மாநிலத்தில் நடப்பதாக அமைத்தது. தெற்கத்தியனை விலைக்கு வாங்கிவிட்டுத் தெற்கை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மறு ஆண்டு என்.பி.ஸி.க்கு மாறியபோது கதை ஜார்ஜியாவுக்குத் திரும்பியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

2000-ஆம் ஆண்டில் ஸ்டீவ் ஹார்வி, பெர்னி மேக் முதலிய நான்கு கறுப்புக் கலைஞர்கள் சேர்ந்து நடத்திய சுற்றுப்பயணத்தை ஸ்பைக் லீ 'ஒரிஜினல் கிங்ஸ் ஆஃப் காமெடி' என்று படமாக்கினார். அதே காலத்தில், நகரத்து மேட்டுக்குடி ஹாஸ்யத்தில் இடம் காணாத மற்றொரு கூட்டத்துக்கென்று 'புளூ காலர் காமெடி டூர்' புறப்பட்டது. ஃபாக்ஸ்வொர்த்தியும், டெக்ஸாஸ்காரர்களான பில் எங்வாலும் ரான் வைட்டும், சிறிது பின்னால் வந்து சேர்ந்த 'லாரி த கேபிள் கை'யும் அதில் நால்வர். ஆலைத் தொழிலாளியின் நீலச் சட்டையைக் குறிக்கும் அந்தப் பெயர், தெற்கு என்ற எல்லையைத் தொழிலென்ற எல்லையாக விரித்தது. அரிஸோனாவில் ஃபீனிக்ஸ் நகரில் எடுத்த படம் 2003-இல் திரையரங்குகளுக்கு வந்தபோது வசூல் 10 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. அதே படத்தைக் காமெடி சென்ட்ரல் என்னும் கேபிள் சானல் அவ்வாண்டு இறுதியில் ஒளிபரப்பியபோது, அதுவரை அந்தச் சானலில் எந்தப் படத்துக்கும் வராத கூட்டம் வந்தது. படத்தின் மக்கள் சினிமாக் கொட்டகையில் இல்லை. வேலை முடிந்து வந்து வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மறு ஆண்டு டபிள்யு.பி. டெலிவிஷனில் 'புளூ காலர் டிவி' தொடங்கியது.

லாரியின் உண்மைப் பெயர் டேனியல் விட்னி. பிறந்தது நெப்ராஸ்காவில், பன்றிப் பண்ணைகள் சூழ்ந்த ஒரு சிற்றூரில். கை வெட்டிய சட்டையும் தெற்கத்திப் பேச்சும் ரேடியோ நிலையங்களுக்கு டெலிபோனில் பேசிய ஒரு பாத்திரத்துக்காக உண்டானவை. அந்த உச்சரிப்பை ஃபுளோரிடாவிலும் ஜார்ஜியாவிலும் பழகிய நண்பர்களிடம் பிடித்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இது போலி வேஷம் என்று 2005-இல் டேவிட் கிராஸ் என்னும் சக கலைஞர் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஜார்ஜியாவில் வளர்ந்தவர் என்பதால் அவர் கோபத்தில் சொந்தக்காரனுடைய கோபமும் இருந்தது. வேஷத்தைப் பற்றிய குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. கல்லூரிப் படிப்பும் நாடகப் பயிற்சியும் உள்ள ஸாரா காலி மலைவீட்டு மூதாட்டியின் நாவைக் கடன் வாங்கியதும் வேஷமே. கடன் வாங்கியவர் அதை யார்மேல் பிரயோகிக்கிறார் என்பதே கேள்வி. தம் தொந்தியையும் தம் உறவினர்களையும் பற்றி லாரி பேசும்போது அவர் மரபின் பிள்ளை. அயல்நாட்டிலிருந்து வந்தவர்கள்மேலும் தமக்கு அந்நியமானவர்கள்மேலும் கல்லெறிந்த இடங்களில், சபை எவ்வளவு சிரித்திருந்தாலும், அவர் தம் வீட்டு முற்றத்தைக் காலி செய்துவிட்டு அடுத்தவன் முற்றத்தில் போய் நின்றார்.

அந்தச் சுற்றுப்பயண மேடையில் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக வந்து தனித்தனியே பேசி முடிப்பார்கள். ரான் வைட்டின் கையில் சுருட்டும் மதுக்கோப்பையும் இருக்கும். எல்லாம் முடிந்ததும் நான்கு உயர்ந்த முக்காலிகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போடுவார்கள்; நால்வரும் அதில் அமர்ந்துகொள்வார்கள். தொலைவிலிருந்து பார்த்தால், வேலை முடிந்து திண்ணையில் கூடிய அயலார்கள்தான். ஒருவர் தம் மனைவியைப் பற்றி ஒரு சம்பவத்தைத் தொடங்குவார்; மற்றொருவர் அது அப்படியன்று என்று நடுவில் திருத்துவார்; மூன்றாமவர் அதைக் கேட்டுத் தம் தகப்பனார் ஞாபகம் வந்து வேறெங்கோ போய்விடுவார். பலநூறு தடவை கேட்ட கதைக்கும் அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரிப்பது படத்தில் பதிவாகியிருக்கிறது. யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.